வராத மிருகத்தின் சாட்சியம்

வைசாகப் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, நான் குடியிருக்கும் புனே நகரத்தில் சில வீடுகளிலே ஒரு புதுமையான விரதம் ஆரம்பமாகிறது. சோப்பு விலக்கப்படுகிறது, தலைக்கு இடும் வாசனைத் தைலம் விலக்கப்படுகிறது, பூண்டும் வெங்காயமும்கூட, அண்டைவீட்டு ஜைன நண்பர்களே மெச்சும்படியாக, விலக்கப்படுகின்றன, துவைத்த சட்டை ஒன்று வேப்பந்தழையோடு சேர்த்துக் கட்டப்பட்டு மொட்டைமாடியில் தொங்குகிறது. விரதம் எந்தத் தெய்வத்தையும் குறித்ததன்று. மகாராஷ்டிர வனத்துறையார் ஆண்டுதோறும் புத்த பூர்ணிமை இரவில், கோடையில் வற்றாமல் எஞ்சியிருக்கும் நீர்நிலைகளின் ஓரத்திலே பரண் கட்டி, நிலவொளியில் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்; அந்த எண்ணிக்கையில் பங்குகொள்ளப் பொதுமக்களிற் சிலருக்கும் அனுமதி கிடைக்கிறது. அவ்வாறு பரண் ஏறப்போகிறவர்கள் தங்கள் மேனியிலிருந்து மனித வாடையை அகற்றிக்கொள்ளச் செய்யும் பிரயத்தனமே இந்த விரதம்.

பரணை இங்குள்ளோர் 'மச்சாண்' என்கிறார்கள். 'நேற்று ராத்திரி முழுவதும் மச்சாண்மேலே உட்கார்ந்திருந்தேன்' என்று ஒரு மராட்டிய நண்பர் வெகு சாதாரணமாகக் கூறியதைக் கேட்டு, ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் உறவுக்காரப் பையன் பட்ட பாட்டை நினைத்து, நான் எப்போதும் பரண் என்ற நம் சொல்லையே வழங்கிவருகிறேன். அது பழைய சொல். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காத்தது பரண்மேல் இருந்துதான். ஆனால் அவர்கள் அதன்மேல் ஏறியது தாங்கள் அங்கே இருப்பதைக் கிளிக்கும் பன்றிக்கும் உரக்க அறிவிப்பதற்காக. நாம் ஏறுவதோ இல்லாததுபோல் இருப்பதற்காக. இந்த இரண்டாவது காரியம் முதலாவதைக் காட்டிலும் எத்தனை மடங்கு கடினமானது என்பதை விரதகாரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர்களுடைய சித்தாந்தத்தை அவர்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மனித வாடை என்பது ஒருவகை அழுக்கு. அதைக் கழுவலாம், அல்லது மூடலாம், அல்லது வேறொரு வாடையைக் கொண்டு மிருகத்தின் மூக்கை ஏமாற்றலாம். அப்படியும் மிச்சமிருப்பது பதினைந்து அடி உயரத்திலிருந்து கிளம்புவதால் மிருகத்தின் தலைக்கு மேலாகப் போய்விடும். சிறுத்தை, புலி முதலான பூனைச் சாதிக்கு மோப்பமே கிடையாதாகையால் அவற்றைக் குறித்து இந்தக் கவலையே வேண்டாம். இதை நான் பலபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், காட்டுக்குப் பல தடவை போய்வந்தவர்கள், என்னைவிட நல்ல தொலைநோக்கிக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவற்றில் ஒன்றேனும் ஒப்புக்கொள்ளத் தக்கதன்று என்பது என் அபிப்பிராயம். சிறுத்தைக்கு மோப்பம் இல்லையென்றால், சிறுத்தையைப் பார்ப்பதற்காக மூன்று நாள் வெங்காயத்தை ஏன் துறக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு இதுவரை ஒருவரும் எனக்குச் சமாதானம் சொன்னதில்லை.

இந்தச் சித்தாந்தம் வேட்டைக்காரரிடமிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம் தேசத்தில் பரண்மேல் துப்பாக்கியோடு உட்காருவது குற்றமாயிற்று. துப்பாக்கி இறங்கிவிட்டது, ஆனால் துப்பாக்கிக்காரன் விட்டுச்சென்ற நம்பிக்கைகள் பரண்மேலேயே தங்கிவிட்டன. வட அமெரிக்காவில் வெண்வால் மானை இன்னும் மரத்தில் மாட்டிய ஆசனங்களில் இருந்துகொண்டு சுடுகிறார்கள். அங்கே இந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. வாடை நீக்கும் சோப்பு, வாடை நீக்கும் நீர்த்தூவல், கரித்தூள் பொதிந்த ஆடை என்று வகைவகையாக விற்கிறார்கள். கரி வாயுக்களைத் தன்மேல் ஏற்கும் என்பது வாஸ்தவமே. நம் கொங்கு நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பக்குவம் செய்த கரி, நீரையும் காற்றையும் சுத்தி செய்யக் கடல்கடந்து போகிறது. ஆனால் ஏற்றுக்கொண்டதை அந்தக் கரி திரும்ப விடவேண்டுமானால் உலைக்களத்துச் சூடு வேண்டும். அதற்கு அவர்கள் நம்பும், வீட்டில் துணி உலர்த்தும் யந்திரத்தின் சூடு எம்மட்டு? வாடையை நீக்கிவிடும் என்று விளம்பரம் செய்தது மெய்யா பொய்யா என்று அங்கே வேட்டைக்காரர்களே நியாயஸ்தலம் வரைக்கும் போனார்கள். அந்த வழக்கின் வளைவுகளுக்குள் நான் புகவில்லை. வாங்குகிறவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது போதும்.

மனித வாடை அழுக்கு அன்று என்பதுதான் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய விஷயம். அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டுவது, ஆகவே கழுவினால் போய்விடும். வாடையோ உள்ளிருந்து ஓயாமல் ஊறி வருவது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை மூச்சு விடுகிறான். ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய அரை லிட்டர். மாலை ஆறு மணிக்கு ஏறி காலை ஆறு மணிக்கு இறங்குகிறவன், இந்தக் கணக்கின்படி, 4000 லிட்டருக்குக் குறையாத மூச்சுக்காற்றை அந்த ஓடைக்கரையிலே கொட்டிவிட்டு வருகிறான். இருவர் உட்கார்ந்தால் 8000. அந்த மூச்சில் கரியமில வாயு மாத்திரமா இருக்கிறது? அசிட்டோனும் ஐசோப்ரீனும் இன்னும் நூற்றுக்கணக்கான பொருள்களும் சூக்ஷ்ம அளவில் கலந்திருக்கின்றன. தோல் இடைவிடாமல் உதிர்கிறது. உதிர்ந்த துகளோடு வியர்வையும், அந்த வியர்வையைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் அமிலங்களும் போகின்றன. காலையில் தேய்த்துக் குளித்தவனுடைய மேனியில் அந்த நுண்ணுயிர்கள் மாலைக்குள் மீண்டும் குடியேறிவிடுகின்றன. மலைப்பாதையில் ஒரு மைல் நடந்து பரணை அடைவதற்குள் அவன் செய்துகொண்ட ஸ்நானம் வெறும் ஞாபகமாகிவிடுகிறது.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் கொசுவைக் கேட்கட்டும். மூக்கென்று சொல்லத்தக்க ஒன்றுமில்லாத அந்த அற்பப் பிராணி, நம் மூச்சின் கரியமில வாயுவையும் தோலின் அமிலங்களையும் வழிகாட்டியாகக் கொண்டு, கும்மிருட்டில், இலைகளுக்கு நடுவில், பதினைந்து அடி உயரத்தில் நம்மைக் கண்டுபிடித்து வந்து சேர்கிறது. அதற்கு அஞ்சி நம் விரதகாரர் சட்டைப்பையிலிருந்து கொசு விரட்டும் களிம்பை எடுத்து முழங்கை வரையில் பூசிக்கொள்வதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மூன்று நாள் நோன்பு மூன்று விநாடியில் முடிந்தது. கொசுவின் உணர்கொம்புக்கு ஒளிய முடியாத மனிதன், கடமானின் ஈரமூக்குக்கு ஒளிந்துவிடலாம் என்று நம்புகிறான். பிராணிகளின் மோப்ப மரபணுக்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதனுக்குச் சுமார் 400 என்றும், மாட்டுக்குச் சுமார் 1200 என்றும், ஆப்பிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2000 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மரபணுவின் தொகையே மோப்பத்தின் கூர்மை ஆகிவிடாது என்றாலும், எவன் எவனுடைய மூக்கை ஏமாற்றப் புறப்பட்டிருக்கிறான் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

மூடி மறைக்கலாம் என்பாருக்கு ஒரே ஒரு கேள்வி. வேப்பந்தழையையும் மாட்டுச்சாணத்தையும் பூசிக்கொண்டால் மனித வாடை அவற்றுள் அமிழ்ந்துவிடும் என்கிறீர்களே, உங்கள் வீட்டு அடுக்களையில் சாம்பார் கொதிக்கும்போது, புளியும் பருப்பும் கொத்தமல்லியும் அத்தனை வாசனையோடு பொங்குகையில், பெருங்காயம் அவற்றுள் அமிழ்ந்துவிடுகிறதா? கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் தாத்தா, நம்முடைய இந்தக் கேவலமான மனித மூக்கைக்கொண்டே, 'இன்றைக்குப் பெருங்காயம் தூக்கல்' என்று அங்கிருந்தே சொல்லிவிடவில்லையா? நம் மூக்கே கலவையைப் பிரித்தறியுமானால், அந்த அறிவினாலேயே உயிர் பிழைத்திருக்கும் மிருகத்தின் மூக்கு, வேம்பு தனி, சாணம் தனி, இரண்டுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் தனி என்று பிரித்துக்கொள்ளாதா? பெருங்காயத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கட்டுரை அடுக்களைக்குள் போய்விடும்.

இனி உயரம் என்னும் வாதம். மூன்றிலும் இதுதான் கௌரவமானது; இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. வெப்பமான உடலைச் சுற்றியுள்ள காற்று மேலெழும்பும், அதனோடு வாடையும் முதலில் மேலேதான் போகும். சமதளத்தில், இதமான காற்று ஒரே திசையில் வீசிக்கொண்டிருக்கும் மாலையில், பரணுக்கு மிக அருகே வந்துவிட்ட மிருகத்துக்கு வாடை எட்டாமல் போகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சஹ்யாத்ரி சமதளமா? பீமாநதி பிறக்கும் பீமாசங்கரத்து மலைத்தொடரை நினைத்துப் பாருங்கள். 1985இல் சரணாலயமாக்கப்பட்ட ஏறக்குறைய 131 சதுர கிலோமீட்டர் காட்டில், மேசையைப்போல் தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? நீர் நிற்பது பள்ளத்தில். பரண் கட்டுவது பள்ளத்தின் ஓரத்து மரத்தில். மிருகம் வருவது பள்ளத்தை நோக்கி இறங்கும் சரிவில். ஓடையின் தரையிலிருந்து அளந்தால் பரண் பதினைந்து அடி உயரம். எதிர்ச்சரிவில் ஐம்பது கெஜத்துக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் நின்று மோப்பம் பிடிக்கும் கடமானின் மூக்கிலிருந்து அளந்தாலோ, பரண் அதன் மூக்குக்கு நேர் எதிரே, ஒரே மட்டத்தில் இருக்கிறது. உயரம் என்பது மரத்தின் அடியிலிருந்து அளப்பது அன்று, மிருகம் நிற்கும் இடத்திலிருந்து அளப்பது என்ற சாமானிய க்ஷேத்திரகணிதம்கூட இந்த வாதத்தில் இல்லை.

அதோடு, ராத்திரிக் காற்றின் சுபாவம் பகற்காற்றின் சுபாவம் அன்று. வெயில் காயும்போது சரிவுகள் சூடேறி, அவற்றைத் தொட்ட காற்று மலைமேல் ஏறுகிறது. சூரியன் மறைந்து வானம் தெளிந்திருக்கையில் சரிவுகள் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப்போலவே, தண்ணீர் போகும் வழியாகவே பள்ளத்தை நோக்கி வழிகிறது. ஓடை எங்கே போகிறதோ அங்கே வாடையும் போகிறது. நம் மொழியில் வாடை என்னும் ஒரே சொல் வடகாற்றுக்கும் வாசத்துக்கும் பொதுவாக இருப்பதை அகராதிக்காரர்கள் எப்படி விளக்குவார்களோ அறியேன்; பரண்மேல் ஓர் இரவு இருந்தவனுக்கு அதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை.

இந்த ஊரில் இதை நான் சொல்லவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து 1928இல் புனேக்கு வந்தது. சிவாஜிநகரில் அந்தக் கட்டிடத்தை இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள், அதன் பக்கமாகத்தான் விரதகாரர்கள் தினந்தோறும் வண்டியோட்டிப் போகிறார்கள். பாலக்காட்டில் பிறந்து, சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற எல். ஏ. ராமதாஸ், 1932இல் இங்கே வேளாண் வானிலைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை, தரைக்கு ஓர் அடி அளவில் மேலே இருக்கிறது என்று அவரும் ஆத்மநாதனும் அதே ஆண்டில் எழுதியபோது மேல்நாட்டு விற்பன்னர்கள் பலர் நம்பவில்லை. பிற்காலத்தில் அந்தப் படலத்துக்கு ராமதாஸின் பெயரே வழங்கலாயிற்று. ராத்திரிக் காற்று அடுக்கடுக்காக இருக்கிறது, ஒவ்வோர் அடுக்கும் தன் போக்கில் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த அடுக்குகளுக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், 'என் வாடை மேலே போய்விட்டது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது துணிச்சல்.

நான் முதன்முதலில் பரண் ஏறிய இரவில் எனக்கு வழிகாட்டியாக வந்தவர் மகாதேவ கோளி சமூகத்துக் கிழவர் ஒருவர். அவர் பீடி புகைப்பவர். சோப்பு விரதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கட்டிவைத்திருந்த பரணை அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீறு ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார். பீமாசங்கரர் சந்நிதியில் கொடுத்த பொட்டலம் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் நெருடி உதிர்த்தார். மாலை ஆறரை மணிக்கு அது மேற்குக் காற்றில் எங்கள் முதுகுப்புறமாக, மலையை நோக்கிப் பறந்தது. எனக்குப் பரம சந்தோஷம். கிழவருக்கு இல்லை. அவர் மணிக்கொரு முறை ஒரு சிட்டிகை உதிர்த்துக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்கு நீறு நேராகக் கீழே விழுந்தது. ஒன்பதே காலுக்குத் தாயும் குட்டிகளுமாக ஐந்து காட்டுப்பன்றிகள் வந்து சேறாடிப் போயின. அவற்றை நான் படிவத்தில் குறித்தேன். பத்து மணியளவில் உதிர்த்த நீறு, மெல்ல, மிக மெல்ல, குளத்தின்மேல் சாய்ந்து ஓடை வழியே நகர்ந்தது. 'வாரா காலீ சால்லா' என்றார் கிழவர்: காற்று கீழே போகிறது. அவ்வளவுதான், தலைப்பாகையை அவிழ்த்துப் போர்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். அரைமணி நேரத்துக்கெல்லாம் ஓடைக்குக் கீழே, நிழலுக்குள்ளிருந்து, கடமானின் எச்சரிக்கைக் குரல் ஒருமுறை, பிறகு இன்னொரு முறை கேட்டது. கல் உருளும் சத்தம் கேட்டது. அதன்பின் விடியும்வரை அந்தக் குளத்தில் நிலவைத் தவிர வேறொன்றும் இறங்கவில்லை.

பூனைச் சாதிக்கு மோப்பம் இல்லை என்னும் மூன்றாவது வாதத்தைப் பழைய சிகாரிகள் மிகுந்த நிச்சயத்தோடு சொல்லிவந்தார்கள். அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவேண்டும். பரண்மேல் உட்கார்ந்தவன், கட்டிவைத்த எருமைக்கன்றிடம் புலி வந்ததைக் கண்டான், சுட்டான், புத்தகம் எழுதினான். 'நான் மேலேயே இருந்தேன், புலிக்குத் தெரியவில்லை, ஆகவே அதற்கு மோப்பம் இல்லை' என்று முடிவும் கட்டினான். வாடை எட்டி, நூறு கெஜத்துக்கு அப்பால் நின்று, யோசித்து, திரும்பிப்போன புலிகள் எத்தனை? அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இரவுகளைச் சிகாரி 'புலி இந்தப் பக்கமே வரவில்லை' என்று சொல்லித் தள்ளிவிட்டான். வந்த மிருகங்களை மாத்திரம் சாட்சிக்கு அழைத்துத் தீர்ப்புச் சொன்ன நியாயம் இது. தர்க்கசாஸ்திரம் படித்த சிறுபிள்ளையும் இதைக் கேட்டால் ஆட்சேபிப்பான்.

ஜிம் கார்பெட் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அல்லது முழுவதும் சேர்ந்தவர் அல்லர். 1944இல் வெளியான தம் குமாவுன் புத்தகத்தில் அவர் வெகு நுட்பமான ஒன்றைக் கூறுகிறார்: மனிதனுக்கு மோப்பசக்தி கிடையாது என்பது புலிக்குத் தெரியாது, ஆகவே ஆட்கொல்லிப் புலி, மானை அணுகுவதுபோலவே மனிதனையும், காற்று அவனிடமிருந்து தன்னை நோக்கி வரும் திசையிலிருந்தே அணுகுகிறது. அந்த ஒரு அறிவைக்கொண்டே, எந்தப் பக்கத்துப் புதரைக் கவனிக்கவேண்டும் என்பதை அவர் தீர்மானித்துக்கொண்டார். பலமுறை உயிரும் தப்பினார். தன் வாடையைக் காற்று தூக்கிக்கொண்டு போய் இரையிடம் சேர்த்துவிடும் என்று அஞ்சும் ஒரு பிராணிக்கு, வாடை என்றால் இன்னதென்றே தெரியாது என்று எப்படிச் சொல்வது? இதிலும் மாறுபட்ட சாட்சியம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். கான்ஹாக் காட்டில் புலியை ஆராய்ந்து 1967இல் நூல் வெளியிட்ட ஜார்ஜ் ஷாலர், பிறகு செரெங்கெட்டியில் சிங்கங்களைக் கவனித்தபோது, அவை வேட்டையில் காற்றின் திசையைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை என்று கண்டார். இருக்கட்டும். பூனைச் சாதி இரையைக் கண்ணாலும் காதாலும் தேடுகிறது, மூக்கால் தேடுவது குறைவு என்பதுதான் இதன் தாற்பரியம். ஒருவன் செருப்பைக் கையால் மாட்டிக்கொள்வதில்லை என்பதனால் அவனுக்குக் கையே கிடையாது என்று ஆகிவிடுமா?

அவற்றின் மூக்கு வேறு காரியத்துக்கு உரியது, கடிதம் படிப்பதற்கு. புலி மரத்தடியில் பின்புறமாகப் பீய்ச்சிவிட்டுப் போகும் திரவம் மற்றப் புலிகளுக்கு எழுதிய கடிதம். யார் போனது, எப்போது போனது, பெண்ணானால் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. படிக்கும் புலி உதட்டைச் சுருட்டி, முகத்தைக் கோணலாக்கி, வாயின் மேலண்ணத்திலுள்ள தனி உறுப்பு ஒன்றுக்கு அந்த வாடையைச் செலுத்துகிறது. கல்கத்தாவில் இருந்த ரத்தன்லால் பிரம்மச்சாரி என்னும் விஞ்ஞானி வெகுகாலம் இந்தத் திரவத்தை ஆராய்ந்தார். பாசுமதி முதலான வாசனை அரிசிகளுக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் பொருள் எதுவோ அதே பொருள் புலியின் திரவத்திலும் இருக்கிறது என்று அவரும் அவருடைய துணைவர்களும் 1990இல் வெளியிட்டார்கள். புனேக்கு மேற்கே முள்சியிலும் மாவளிலும் விளையும் ஆம்பேமோஹர் அரிசி, மாம்பூவின் மணத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அரைத் தெரு தள்ளி உலையில் இருக்கும்போதே நம்மைச் சாப்பிட வா என்று அழைக்கிறது. அந்த வாசத்தையொத்த ஒன்றால் மரத்துக்கு மரம் கடிதம் எழுதிவைத்து, பிறர் எழுதியதைப் படித்து வாழும் ஜாதிக்கு மோப்பமே இல்லை என்று சாதிப்பவர்கள், தபால்காரனைப் பார்த்து 'உனக்கு எழுத்தறிவு கிடையாது' என்பவர்களோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவர்கள்.

இவ்விடத்தில் என் நண்பர்கள் வலுவான ஆட்சேபணை ஒன்றைக் கிளப்புவார்கள். ஜுன்னர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் குடித்தனமே நடத்துகின்றன. அடுத்த தாலுகாவான அகோலேயில், சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் வாழும் வயல்வெளியில், நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தை என்ற அளவில் அவை இருக்கின்றன என்று வித்யா ஆத்ரேயாவும் அவரோடு உழைத்தவர்களும் தானியங்கிக் காமிராக்களை வைத்து 2013இல் நிறுவினார்கள். மனித வாடையிலேயே பிறந்து வளரும் சிறுத்தை, பரண்மேல் இருக்கும் ஒருவனுடைய வாடைக்கா பயந்து ஓடும் என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது, பதில் பன்றிக்கு அஞ்சும் குடியானவர்களிடம் இருக்கிறது. நம் தேசத்தில் பல ஊர்களில், முடிதிருத்தும் கடையிலிருந்து சாக்கு சாக்காகத் தலைமயிரை வாங்கிவந்து வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றித் தூவிவைக்கிறார்கள். மனித வாடை கண்டு பன்றி விலகிப்போகிறது. சில வாரம் சென்றபின் அதே பன்றி அதே மயிரைத் தாண்டிவந்து கடலையைக் கிளறுகிறது. வாடை போய்விட்டதனால் மாத்திரமன்று, அது பழைய சமாசாரம் ஆகிவிட்டதனாலும்தான். மிருகத்துக்கு வாடை ஒரு செய்தி. கிராமத்து வாடை தினந்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே அளவில் வருகிற செய்தி. சிறுத்தை அதை அறிந்துவைத்திருப்பதனாலேயே அதற்கு நடுவில் ஒருவர் கண்ணிலும் படாமல் வாழ்கிறது, யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்பதை மூக்கு அதற்குச் சொல்லிவிடுகிறது. ஆண்டில் முந்நூற்றுச் சொச்சம் நாள் மனிதனே வந்து ராத்தங்காத குளத்தங்கரையில், திடீரென்று ஒரு பௌர்ணமியன்று, இரண்டு புதிய மனிதர்களுடைய சூடான மூச்சு இறங்கி வருவது அவ்வகைச் செய்தியன்று. அதைப் பயம் என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. எச்சரிக்கையுள்ள பிராணி, தாகத்தை ஒரு ஜாமம் தள்ளிவைத்து, வேறு குளத்துக்குப் போகிறது. மனித வாடை மிருகத்தை விரட்டுமா விரட்டாதா என்று பொதுவில் கேட்பதே பிசகு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக என்று சேர்த்துக் கேட்டாலன்றி அதற்கு விடை இல்லை.

செய்யவேண்டியது சிறிய காரியம். பரண் கட்டுகிறவன், மிருகம் எந்த வழியாக இறங்கும், ராத்திரி பத்து மணிக்குமேல் காற்று எந்தப் பக்கம் வழியும் என்ற இரண்டையும் முந்திய சில இரவுகளில் பார்த்துவைத்துக்கொண்டு, ஓடையின் போக்கில் குளத்துக்குக் கீழ்ப்புறமாக மரம் தேடவேண்டும். அப்படி மரம் கிடைக்காவிட்டால் அந்தக் குளத்தில் உட்காராமல் விட்டுவிடவேண்டும். பீடியையும் களிம்பையும் கீழே வைத்துவிட்டு ஏறினால் நல்லது, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவது பக்கத்தில் உட்காருகிறவருக்கு உபகாரம். வாடையை ஒழிக்க முடியாது; எங்கே அனுப்புவது என்பதைத்தான் நாம் தீர்மானிக்கலாம். வேப்பந்தழையில் சட்டையைக் கட்டித் தொங்கவிடுவதில் இருக்கும் ஆத்மதிருப்தி இதில் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவேளை அதனால்தான் இது பிரபலமாகவில்லை.

தவறு பொழுதுபோக்கோடு நின்றால் நான் இத்தனை தூரம் எழுதியிருக்கமாட்டேன். பரண்மேல் இருப்பவன் கையில் படிவம் இருக்கிறது. வாடை எட்டித் திரும்பிப்போன கடமான் அதில் இல்லை; சிறுத்தை இல்லை; கேளையாடு இல்லை. தப்பான மரத்தில் பரண் கட்டியதனால் நேர்ந்த சூனியம், காட்டில் மிருகமே இல்லை என்னும் சூனியமாகக் காகிதத்தில் ஏறி, அடுத்த நாள் யாரோ ஒருவர் 'அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லையாம்' என்று சொல்லிவிட வழிசெய்கிறது. ஒரே இரவின் எண்ணிக்கையைக்கொண்டு காட்டின் தொகையைச் சொல்லக்கூடாது என்பதை ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். புலிக்குக் காமிராவும் புள்ளியியலும் வந்து வெகுநாள் ஆயிற்று. ஆனால் படிவத்தைப் பார்ப்பவர் எல்லாரும் ஆராய்ச்சியாளர் அல்லர், பத்திரிகையில் வெளிவரும் பட்டியலுக்கு அடியில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று ஒருவரும் அச்சிடுவதில்லை. பழைய சிகாரி, வராத புலியைச் சாட்சிக்கு அழைக்காமல் தீர்ப்புச் சொன்னான். நாம் அதே பிசகை நிலவொளியில், பென்சிலும் அட்டையுமாக, மிக்க நல்லெண்ணத்தோடு செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த முதல் இரவு விடிந்ததும் நான் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நேரம், மிருகம், ஆண், பெண், குட்டி என்று கட்டங்கள் இருந்தன. ஐந்து பன்றிகளுக்குக் கீழே எல்லாம் வெறுமை. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் தேவநாகரி எழுத்தில், பத்து மணிமுதல் 'வாரா' என்றும், ஓடையை நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தேன். மராட்டியில் வாரா என்றால் காற்று. படிவங்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, 'காகா, வாரா நம் மிருகங்களின் பட்டியலில் இல்லையே' என்று சிரித்தபடி, மரியாதையாகவே, ஒரு கோடு கிழித்து அடித்துவிட்டார். தமிழில் வாரா என்பது அஃறிணைப் பன்மைக்கு உரிய எதிர்மறை வினைமுற்று, 'மிருகங்கள் வாரா' என்று பொருள்படும், ஆகவே இரண்டு பாஷையிலும் அந்தச் சொல் அந்த இடத்துக்குச் சரியானதே என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ஜீப் புறப்பட்டுவிட்டது. கிழவர் முன்ஆசனத்தில் ஏறிப் பீடியைப் பற்றவைத்திருந்தார், புகை மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.